வடக்கு வழி அவ்வளவு எளிதல்ல

சீனாவிலிருந்து ரயில் பாதை வந்துவிட்டால் நேபாளம் இந்தியாவை நம்பியிருக்கத் தேவையில்லை என்கிறது ஒரு கட்டுரை. ஆசை நியாயமானதுதான். 2015 செப்டம்பரில் இந்திய எல்லையில் லாரிகள் நின்றுபோனதும், 2016 பிப்ரவரி வரை கேஸுக்கும் பெட்ரோலுக்கும் மருந்துக்கும் மக்கள் அல்லாடினார்கள். அவர்களில் பலர் அந்த ஆண்டு ஏப்ரல் நிலநடுக்கத்தில் வீட்டை இழந்தவர்கள். நினைத்தாலே மனம் பதறுகிறது.

ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். கொல்கத்தா துறைமுகத்திலிருந்து நேபாள எல்லை நகரான பீர்கஞ்சுக்குச் சுமார் 700 கி.மீ. பெரும்பாலும் சமவெளி, கன்டெய்னர் ரயிலிலேயே வந்து இறங்குகிறது. சீனாவின் தியான்ஜின் துறைமுகமோ 3,000 கி.மீ.க்கும் அப்பால். இடையில் திபெத் பீடபூமி, பிறகு இமயமலைச் சரிவு. 2016இல் சீனாவுடன் ஒப்பந்தம் போட்டு, 2019இல் நான்கு சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்த அனுமதியும் வாங்கினார்கள். பெரும்பாலான சரக்கு இன்னமும் தெற்கிலிருந்துதான் வருகிறது. சீன எல்லையிலுள்ள தாதோபானி சாவடி நிலநடுக்கத்துக்குப் பின் 2019 வரை மூடிக் கிடந்தது. அதே எல்லையின் இன்னொரு சாவடியான ரசுவாகடியில் 2025 ஜூலை வெள்ளம் எல்லைப் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது.

கடல் இல்லாத நாட்டுக்கு இன்னொரு வாசல் வேண்டும், மறுக்கவில்லை. அதைவிட அவசரம், சில மாதங்களுக்கான எரிபொருளைச் சேமிக்கும் கிடங்குகள். கூடவே, சொந்த ஆறுகளில் எடுக்கும் மின்சாரத்தில் அடுப்பும் வண்டியும் ஓடட்டும். எல்லை மூடினாலும் அந்த அடுப்பு அணையாது.