டாங்கிள் என் இழுப்பறையில்தான் இருக்கிறது

அக்கா மகன் புதுச்சேரியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். போன மாதம் கடலூருக்கு வந்தவன், பையிலிருந்து ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிளை எடுத்து மேசைமேல் வைத்தான். "மாமா, ரஸ்ட் ஓரளவு வந்துவிட்டது. இதற்கு டிரைவர் எழுதப் போகிறேன்" என்றான். (ரஸ்ட் ஒரு நிரல்மொழி; டிரைவர் என்பது கருவியைக் கணினியோடு பேசவைக்கும் நிரல்.) நான் அதை வாங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். அக்காவிடம் புகார் போயிருக்கிறது. முதல் டிரைவரை ஓர் எளிய சிப்பில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான நியாயத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த டாங்கிள் கட்டைவிரல் அளவுதான். ஆனால் செருகியதும் அதற்குள் ஃபர்ம்வேரை (சிப்புக்குள்ளேயே ஓடும் நிரலை) ஏற்ற வேண்டும். யூஎஸ்பி தெரிய வேண்டும், அதற்கு மேல் வைஃபையின் விதிமுறைகள் ஒரு மலை. சிப்பின் விவரங்களைச் சொல்லும் டேட்டாஷீட்டோ கேட்டாலும் கிடைக்காத வகை. இத்தனையும் தாண்டி ஒன்றும் நடக்கவில்லை என்றால் தவறு எங்கே என்று தேடுவான்? ரஸ்ட் புரியவில்லையா, இயங்குதளத்தின் மையமான கெர்னல் புரியவில்லையா, சிப்பே அப்படித்தானா? ஒரே சமன்பாட்டை வைத்துக்கொண்டு மூன்று மாறிகளுக்கு விடை தேடுகிற கதை.

நான் தொடங்கியது ஒரு கடிகார சிப்பில். அதுவும் ஆசைப்பட்டு அல்ல. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, மொட்டைமாடி மழைமானியின் அளவைப் பதிவு செய்ய ஒரு பழைய ராஸ்பெர்ரி பை (கையகலக் கணினிப் பலகை) வைத்திருந்தேன். அந்தப் பலகையில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. நேரத்தை இணையத்திடம்தான் கேட்டுக்கொள்ளும். இணையம் போயிற்று, மின்சாரம் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் பலகை பழைய நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கியது. மழை எவ்வளவு என்று தெரிகிறது, எப்போது என்று தெரியவில்லை. அந்தக் கோபத்தில் வாங்கியதுதான் டிஎஸ்3231 என்ற கடிகார சிப்.

அதே பலகைக்கு ரஸ்டில் ஒரு சின்ன கெர்னல் எழுதிக்கொண்டிருந்தேன். கடிகாரத்துக்கு மின்சாரக் கம்பிகளைத் தவிர இரண்டே கம்பிகள், அந்த இரு கம்பி இணைப்பான ஐ2சியில் அதன் முகவரி 0x68, நேரமும் தேதியும் ஏழு ரெஜிஸ்டர்களில் (சிப்புக்குள் இருக்கும் ஒரு பைட் அறைகளில்). டேட்டாஷீட்டில் எனக்கு வேண்டிய பக்கங்களைப் புதுச்சேரி பஸ்ஸில் போய் வருவதற்குள் படித்துவிட்டேன்.

முதல் நாள் இரவு விநாடி ஓடியது. 07, 08, 09, 16. அடுத்து 17, 18 என்று 25 வரை வந்து 32-க்குத் தாவியது. நிமிடத்தின் கடைசி விநாடி 89.

சிரித்துவிட்டேன். சிப் சரியாகத்தான் சொல்கிறது, நான்தான் தவறாகப் படிக்கிறேன். விநாடியை அது பிசிடி முறையில் வைத்திருக்கிறது: பைட்டின் மேல் பாதியில் பத்தாம் இட இலக்கம், கீழ்ப் பாதியில் ஒன்றாம் இட இலக்கம். பத்து என்பது அங்கே 0x10 (0x என்றால் பதினாறடிமான எண்). அதைச் சாதாரண எண்ணாகப் படித்தால் பதினாறு.

இங்கேதான் ரஸ்ட் பற்றி எனக்கு உறைத்தது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் "கம்பைலர் எல்லாப் பிழையையும் பிடித்துவிடும்" என்று சொல்லித் திரிந்தவன் நான். கம்பைலர் இதைப் பிடிக்கவில்லை. பிசிடி, சாதாரண எண் இரண்டுமே வெறும் பைட் என்று நான் சொன்னேன், அதுவும் நம்பிவிட்டது. பிறகு பிசிடிக்கென்று தனியாக ஒரு டைப் (தரவு வகை) செய்து, ரெஜிஸ்டரிலிருந்து வருவது அந்த டைப்பில்தான் வரும், மாற்றாமல் அச்சிட முடியாது என்று வைத்தேன். அதற்குப் பின் அதே தவறை வேண்டுமென்றே செய்து பார்த்தேன். கம்பைல் ஆகவே இல்லை. கம்பைலரால் பாதுகாப்பைச் சரிபார்க்க முடியாததால் அன்சேஃப் என்று குறித்த இடங்களையும் ரெஜிஸ்டரைப் படிக்கும் ஃபங்ஷன், எழுதும் ஃபங்ஷன் என்ற இரண்டுக்குள் அடைத்துவிட்டேன். புது மொழி எதற்கு என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இந்த இரண்டு வேலைகள்தான். வைஃபையோடு மல்லுக்கு நின்றிருந்தால் இதை யோசிக்க மண்டையில் இடம் இருந்திருக்காது.

இன்னொரு நாள் கடிகாரம் அடியோடு பேசவில்லை. என் நிரலா, சிப்பா? லினக்ஸ் இயங்குதளம் இருக்கிற வேறு எஸ்டி கார்டைப் போட்டு, ஐ2சியில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் கேட்டேன். 68 இருக்க வேண்டிய கட்டத்தில் வெறும் கோடு. கம்பியைப் பிடுங்கிப் பார்த்தால் முனையில் பச்சைக் களிம்பு. தேவனாம்பட்டினத்து உப்புக்காற்று. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஏற்கெனவே லினக்ஸில் நல்ல சி மொழி டிரைவர் இருக்கும் சிப்பை எடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சண்டை வந்தால் நடுவர் வேண்டாமா?

"ஏற்கெனவே டிரைவர் இருக்கிற சிப்புக்கு எவனாவது டிரைவர் எழுதுவானா?" என்று மருமகன் கேட்டான். எழுதினார்களே! 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் கெர்னல் 6.1-இல் ரஸ்டுக்கு இடம் கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் வந்த 6.8-இல் சேர்ந்த ரஸ்ட் டிரைவர் எதற்கு? ஏசிக்ஸ் நிறுவனத்தின் ஈதர்நெட் சிப்பில் உள்ள பிஎச்ஒய் பகுதிக்கு. கேபிள் செருகியிருக்கிறதா, 10 மெகாபிட்டா 100 மெகாபிட்டா என்று பார்த்துச் சொல்லும் வேலை. அதற்கு சி டிரைவரும் உண்டு, இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளலாம். நிரல் நூற்றுச் சொச்சம் வரிதான். அதற்கு முன், 2021-இல், மாதிரிக்குக் காட்டியது ஆர்ம் நிறுவனத்தின் பிஎல்061: எட்டுக் கால்களில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் ஜிபிஐஓ. கெர்னலையே கரைத்துக் குடித்தவர்கள் அங்கே தொடங்கியிருக்கிறார்கள்.

பையன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, மறைக்கவில்லை. கெர்னலுக்குள்ளேயே எழுதுவதாக இருந்தால் சிப் எளிதாக இருப்பது மட்டும் போதாது. அந்த வகைக் கருவிக்காக, ரஸ்டை சி மொழிக் கெர்னலோடு இணைக்கும் பாலம் கெர்னலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் டிரைவருக்கு முன் பாலத்தைக் கட்ட வேண்டும், அது டிரைவரைவிடப் பெரிய வேலை. சிப்பை வாங்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். காசே செலவழிக்க வேண்டாம் என்றால் கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருளான க்யூஈஎம்யூவின் ஆர்ம் 'விர்ட்' இயந்திரத்தில் பிஎல்061 இருக்கிறது. கெடுத்தாலும் புகை வராது.

என் பழைய டிஎஸ்3231-ஐ, கம்பியை மாற்றி, அவனிடம் கொடுத்தனுப்பினேன். பிசிடி பற்றி வாய் திறக்கவில்லை. நேற்று இரவு பதினொன்றரைக்கு ஒரு படம் வந்தது. 08, 09, 16. "மாமா, நீங்கள் கொடுத்த சிப் பழுது" என்று கீழே எழுதியிருந்தான். இன்னும் பதில் போடவில்லை.