வலென்சியா வெள்ளம்: இடிக்காத அணைமீது பழி

“மீன்களுக்காக அணைகளை இடித்தார்கள், அதனால்தான் ஸ்பெயினின் வலென்சியா மூழ்கியது” என்று 2024 அக்டோபர் 29 பெருவெள்ளத்துக்குப் பிறகு பரவிய செய்தி தவறானது.

ஸ்பெயின் 2021இல் மட்டும் 108 ஆற்றுத் தடைகளை அகற்றியது உண்மைதான். ஆனால் அங்கே அகற்றப்படுபவை பெரும்பாலும் பழைய ஆலைகளுக்காகவும் பாசனத்துக்காகவும் கட்டி, பயனற்றுப்போன சிறு தடுப்பணைகள். எப்போதும் நிரம்பியே நிற்பவை. நிறைகுடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்ற முடியும்? விலாங்கு போன்ற மீன்கள் ஆற்றில் மேலேறுவதைத்தான் அவை தடுக்கும், வெள்ளத்தை அல்ல.

மிகுந்த உயிர்ச்சேதம் விளைவித்தது போயோ ஓடை. பெரும்பாலான நாள்கள் வறண்டு கிடக்கும் அதில் இடிப்பதற்கு அணையே இல்லை! மேற்பகுதியிலுள்ள சீவா என்ற ஊரில் எட்டு மணி நேரத்தில் 491 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஏறக்குறைய ஓராண்டு மழை. கீழே வெள்ளம் பாயும் சமவெளியிலோ வீடுகள் நெருக்கியடித்து நின்றன. பக்கத்து மாக்ரோ ஆற்றின் ஃபொராட்டா அணையும் இடிக்கப்படவில்லை. அது தாங்கிய மட்டும் தாங்கிவிட்டு நிரம்பி வழிந்தது.

வலென்சியா நகரின் மையம் தப்பியதற்கு, 1957 வெள்ளத்துக்குப் பின் தூரியா ஆற்றை நகருக்குத் தெற்கே திருப்பிவிட்டதே முக்கியக் காரணம்.