செல்லுலார் சிறையைப் படமெடுக்கிறவர்களுக்கு

அந்தமான் செல்லுலார் சிறையை வைத்து ஆவணப்படம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். தூக்குமேடை, செக்கு, கம்பிக்கதவு, பின்னணியில் சோகமாக ஒரு புல்லாங்குழல். 1938இல் அரசியல் கைதிகள் ஊர் திரும்பியதும் படம் முடிந்துவிடும். கதை சிக்கலாவதே அதற்குப் பிறகுதான்.

1906இல் கட்டி முடித்தபோது நடுக்கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகள் பிரிந்தன. இன்று நிற்பவை மூன்று. 1941 நிலநடுக்கத்திலும், இரண்டாம் உலகப் போரில் தீவு ஜப்பானியர் கையில் இருந்த காலத்திலும் சில போயின. மிச்சத்தை விடுதலைக்குப் பிறகு நாமே இடித்தோம். அந்த வளாகத்தில் மருத்துவமனை வந்தது. முன்னாள் கைதிகள் எதிர்த்திராவிட்டால் இந்த மூன்றும் தப்பியிருக்குமா என்பது சந்தேகம்தான். தேசிய நினைவகமாகத் திறக்கப்பட்டது 1979இல்.

1943 டிசம்பரில் ஜப்பானியரின் கூட்டாளியாக வந்த நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றினார். அடுத்த மாதம், ஜப்பானியரால் அதே சிறையில் சித்திரவதை செய்யப்பட்ட மருத்துவர் திவான் சிங் இறந்தார். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைக்கத் துணியாத படம் சுற்றுலா விளம்பரத்துக்குப் போதும்.

இல்லாத சிறகைக் காட்ட கிராஃபிக்ஸ் வேண்டாம். பழைய வரைபடத்தைப் பார்த்து ஏழு திசைகளையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கோபுர உச்சியில் கேமராவை நிறுத்தி, ஒரே சீராக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஒன்றரை நிமிடமாவது ஆக வேண்டும்; அவசரப்பட்டால் படம் விட்டு விட்டு, துள்ளித் துள்ளி நகரும். கூட்டம் ஏறினால் தளம் அதிரும், ஆகவே கதவு திறந்தவுடன் முதல் ஆளாக ஏறிவிடுங்கள்.

அறைக்குள்தான் பலர் சறுக்குகிறார்கள். அகலம் 2.7 மீட்டர், நீளம் 4.5 மீட்டர். இடம் போதவில்லை என்று 14 மி.மீ. லென்ஸ் போட்டால் அறை மண்டபம் மாதிரித் தெரியும், நெருக்கடியே போய்விடும். 28 அல்லது 35 போட்டு மூலையில் நில்லுங்கள். முழு அறையும் ஃபிரேமில் அடங்காததே நல்லது. மூன்று மீட்டர் உயரத்துச் சாளரத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள், சுவர் இருட்டட்டும். தாழ்ப்பாளுக்குத் தனி ஷாட் வேண்டும்: கம்பிக்குள்ளிருந்து கை நீட்டினாலும் எட்டாதபடி அது பக்கச் சுவருக்குள் தள்ளிப் பதிந்திருக்கிறது.

தீவு கிழக்கே தள்ளியிருப்பதால் சூரியன் நம் கடிகாரத்துக்கு முக்கால் மணி நேரம் முந்தியே ஓடும். மாலை ஒளிக்கு ஐந்தரை மணிவரை காத்திருந்தால் குளிர்காலத்தில் இருட்டைத்தான் எடுக்கலாம். ஏசி அறையிலிருந்து வந்ததும் பையைத் திறந்தால் லென்ஸ் வியர்க்கும். அரைமணி நேரம் மூடியே வெளியில் வையுங்கள்.

ஒவ்வோர் அறையிலும் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். அதில் ஆம்புலன்ஸ் சத்தம் புகுந்துவிட்டால் எடிட்டிங்கில் வெட்டிவிடாதீர்கள். இடித்த சிறகுகளின் பக்கமிருந்து வருகிற சத்தம் அது.