சிந்தாத கப்புல குழந்தை என்னத்தைக் கத்துக்கும்?

புதுச்சேரி நேரு வீதியில ஆரம்பிச்சு கடலூர் லாரன்ஸ் ரோடு வரைக்கும் குழந்தைச் சாமான் விக்கிற கடையில எல்லாம் ஒரு சாமான் தொங்குது. ரெண்டு பக்கமும் கைப்பிடி, மூடி மேல வாத்து மூக்கு மாதிரி ஒரு குழாய், அட்டையில "டிரெயினிங் கப்"னு கொட்டை எழுத்து. "சிந்தவே சிந்தாது மேடம்"னு கடைக்காரர் தலைகீழாக் கவுத்துக் காட்டுவார். ஒரு சொட்டு விழாது. அதைப் பாத்துத்தான் எல்லாரும் வாங்கிட்டு வர்றாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வர்றதும் அதைப் பாத்துத்தான்.

அந்த மூடியைத் திருகி உள்பக்கம் பாருங்க. நடுவுல சிலிக்கோன்ல ஒரு சின்ன வால்வு சொருகியிருக்கும். தண்ணியை அதுதான் பிடிச்சு வச்சிருக்கு. குழந்தை இழுத்து உறிஞ்சினாத்தான் அது திறக்கும். பால் பாட்டில்ல செஞ்ச அதே வேலை. நிப்பிளைக் கழட்டிட்டு மூக்கு மாட்டினதுக்குப் பேரு பயிற்சியா?

டம்ளர்ல குடிக்கிறது முழுக்க வேற வேலை. கீழுதடு விளிம்பைத் தாங்கணும், மேலுதடு இறங்கி வந்து தண்ணியைத் தொடணும், நாக்கு பல்வரிசைக்கு உள்ளேயே அடங்கணும், ஒரு மடக்கு எடுத்ததும் வாயை மூடி முழுங்கணும். இது படிய மாசக்கணக்காகும். குழாய் நாக்கு நுனியில போய் உக்காந்துக்கிட்டா நாக்கு மேல எழும்ப இடமே இல்ல, உதட்டுக்கும் வேலை இல்ல. ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா வால்வை உருவிடுங்க. மூடியையும் கழட்டிட்டா மிச்சம் இருக்கிறது ரெண்டு கைப்பிடி வச்ச டம்ளர், அது உதவும். உருவும்போது வால்வோட அடிப்பக்கத்தை நகத்தால நிமிண்டிப் பாருங்க. காய்ஞ்ச பால் வெள்ளை வளையமா ஒட்டியிருக்கும், சிலதுல கறுப்பாப் பூஞ்சையே இருக்கும். மேலோட்டமாக் கழுவினா அது போகாது.

பால் பாட்டிலுக்கு விளம்பரம் கூடாது, தள்ளுபடி, இலவசம்னு ஆசை காட்டி விக்கக் கூடாதுன்னு 1992-ல சட்டம் போட்டாங்க. 2003-ல திருத்தி இன்னும் இறுக்கினாங்க. அப்படியும் பாட்டில், சிப்பர்ங்கிற இந்த மூக்கு வச்ச கப் எல்லாத்தையும் ஒரே பெட்டியில போட்டு "காம்போ"ன்னு விக்கிறாங்க. பேர் வைக்கிற அன்னிக்கு வர்ற பாதிப் பேர் கையில அதுதான்.

கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பண்றது, வீட்டுல நடக்கிறது அதைவிடக் கொடுமை. நாலு மாசம்கூட ஆகியிருக்காது, "சித்திரை வெயில், புள்ளைக்கு நாக்கு வறளுது பாரு, ரெண்டு சங்கு தண்ணி குடு"ன்னு ஆயா ஆரம்பிச்சுடுவாங்க. ஆறு மாசம் முடியிற வரைக்கும் தண்ணியே வேணாம். அக்னி நட்சத்திரத்துலயும் தாய்ப்பால்ல இருக்கிற தண்ணி போதும், அடிக்கடி குடுத்தாச் சரி. ஆறு மாசம் முடிஞ்சு, தலை நல்லா நின்னு, கொஞ்சம் அணைச்சுப் பிடிச்சா உக்காருதுன்னா அப்பத்தான் டம்ளர்.

அந்த டம்ளரையும் தப்பாவே எடுக்கிறாங்க. பெரிய எவர்சில்வர் டம்ளர், அடியில ரெண்டு ஸ்பூன் தண்ணி. அது உதட்டுக்கு வரணும்னா டம்ளரை முக்கால்வாசி கவுக்கணும். விளிம்பு மூக்குல இடிக்கும், தலை பின்னாடி சாயும், தேங்கியிருந்த தண்ணி மொத்தமா ஒரே பாய்ச்சலாத் தொண்டைக்குள்ள இறங்கும், புரை ஏறும். உடனே "இதுக்கு டம்ளர் ஒத்துக்கலை"ன்னு தீர்ப்பு சொல்லிப் பாட்டிலை எடுத்துடுவாங்க. 50 மில்லி பிடிக்கிற குட்டி டம்ளரா எடுங்க, விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வரைக்கும் நிரப்புங்க. லேசாச் சாய்ச்சாலே தண்ணி உதட்டைத் தொட்டுடும், தலை சாயவே வேண்டியதில்ல. கண்ணாடி வேணாம், மெல்லிசு பிளாஸ்டிக்கும் வேணாம், குழந்தை விளிம்பைக் கடிக்கும். தாடையை நிலையா வச்சுக்கத் தெரியாத வயசு, கடிச்சுத்தான் பிடிச்சுக்கும். அது சேட்டை இல்ல, திட்டாதீங்க. சொப்புச் சாமான்ல இருக்கிற டம்ளரை எடுக்கிறவங்க முதல்ல விளிம்பை விரலால தடவிப் பாருங்க, பலதும் கூரா இருக்கும்.

இன்னொரு ஆதங்கம். தாய்மாமன் சீராக் குடுத்த வெள்ளி டம்ளர் வீட்டு வீட்டுக்கு பீரோ லாக்கர்ல துணி சுத்திக் கிடக்கு. சின்னது, கனம், விளிம்பு வெளிப்பக்கம் மழுங்கலாச் சுருட்டினது. குழந்தை உதட்டுக்கு அதைவிடத் தோதான சாமான் கிடையாது. எடுத்து, கழுவி, குடுங்களேன்!

குழந்தையை நிமிர்த்தி உக்கார வச்சு, நீங்க எதிர்ல, அதோட கண்மட்டத்துல உக்காருங்க. சாப்பாட்டோட குடுங்க, தூக்கக் கலக்கத்துல வேணாம். டம்ளர் விளிம்பைக் கீழுதட்டு மேல வைங்க, ஈறுக்கு நடுவுல திணிக்காதீங்க. தண்ணி மேலுதட்டைத் தொடுற அளவு சாய்ச்சு, அப்படியே நிறுத்துங்க. ஊத்தாதீங்க. குழந்தையே இழுக்கட்டும். ஒரு மடக்கு போனதும் டம்ளரை நேராக்கி, முழுங்கின பிறகு அடுத்தது. முதல் வாரம் ரெண்டு மூணு மடக்கு போதும். ஒரு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு மொத்தமே 120-லேருந்து 240 மில்லிக்குள்ள தண்ணி போதும், அதுக்கு மேல போனா பால் குடிக்கிறது குறையும். பச்சைத் தண்ணி சரசரன்னு ஓடும், அதனால பழகாத வாய்க்குக் கஷ்டம். கொஞ்சம் கொழகொழன்னு இருக்கிற அரிசிக் கஞ்சி, நீர்க்கக் கரைச்ச கேழ்வரகுக் கூழ், இதுல ஆரம்பிச்சா சீக்கிரம் பிடிபடும். ஒரு வயசுக்குள்ள தேனும் கூடாது, பசும்பாலை முக்கிய உணவாக் குடுக்கவும் கூடாது. டீ எந்த வயசுக் குழந்தைக்கும் வேணாம்.

சிந்தும். உதடு இன்னும் முழுசா மூடலை, ஓரத்துல வழியத்தான் வழியும். கழுத்துல ஒரு துண்டைக் கட்டுங்க, தரையைத் துடைங்க. அந்த ரெண்டு நிமிஷ வேலைக்குப் பயந்துதானே ஊரே வால்வு கப்பைத் தூக்கிட்டு வருது!

அடுத்தது அண்ணாந்து ஊத்துறது. பெரியவங்க எச்சில் படாமக் குடிக்கிறது நல்ல பழக்கம், குழந்தைக்கு அது ஆபத்து. தலை பின்னாடி சாஞ்சு, வாய் பிளந்து, மேலேருந்து தண்ணி விழுந்தா மூச்சுக்குழாயை மூட நேரமே இருக்காது. சங்குல, பாலாடைங்கிற மூக்கு வச்ச குட்டிக் கிண்ணத்துல குடுக்கிறவங்களும் குழந்தையோட மூக்கைப் பிடிச்சு, மல்லாக்கப் படுக்க வச்சுத் தொண்டைக்குள்ள கவுக்கிறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க. பாலாடையில குத்தமே இல்ல. அரைவாசி நிமிர்த்திப் பிடிச்சு, பாலாடையோட மூக்கு முனையை உதட்டோரம் வச்சு, குழந்தை நக்கி எடுக்கிற வேகத்துக்குக் குடுத்தா அதுவும் நல்ல வழிதான்.

புரை ஏறினா உச்சியில ஊதுறது, தலையில தட்டுறது, மேல கொஞ்சம் தண்ணி குடுக்கிறது, எதுவும் வேணாம். சத்தமா இருமுதுன்னா காத்து போகுதுன்னு அர்த்தம். லேசா முன்னாடி சாய்ச்சுப் பிடிங்க, இருமி முடிக்கட்டும். சத்தமே வரலை, அழ முடியலை, உதடு நீலமாகுதுன்னா ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தையை முன்கை மேல குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கிற மாதிரி பிடிச்சு, தோள்பட்டை ரெண்டுக்கும் நடுவுல உள்ளங்கை அடிப்பாகத்தால 5 தட்டு. அப்பவும் அடைப்பு போகலைன்னா மல்லாக்கத் திருப்பி, நெஞ்சு நடுவுல ஒரு கையோட உள்ளங்கை அடிப்பாகத்தால 5 அழுத்து. இப்படியே மாத்தி மாத்தி செய்யும்போதே இன்னொருத்தர் 108-க்குப் போன் போடணும். எப்பக் குடிச்சாலும் இருமுது, குடிச்சதும் குரல் கரகரங்குது, அடிக்கடி நெஞ்சுச் சளின்னா குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க, அது பழக்கம் பத்தாத பிரச்சினை இல்ல.

பாட்டிலை ஒரு வயசுல குறைக்க ஆரம்பிச்சு ஒன்றரை வயசுக்குள்ள முழுசா நிறுத்தணும். பகல்ல ஒவ்வொரு வேளையா டம்ளருக்கு மாத்துங்க, ராத்திரிப் பாட்டில் கடைசி. அதுதான் படு மோசமும். வாயில பாட்டிலோட தூங்கினா பால் மேல் முன்பல்லுல தேங்கி, முளைச்ச பல் முளைச்ச வேகத்துல சொத்தையாகும். ஒரு வயசுக்கு மேல நாளைக்கு அரை லிட்டர் பாலுக்கு மேல வேணாம். வயிறு பாலாலயே நிறைஞ்சா சோறு இறங்காது, இரும்புச்சத்து குறையும், ரத்தசோகை வரும். "சோறே திங்க மாட்டேங்குது, பாலாவது குடிக்கட்டும்"னு நாளைக்கு நாலு பாட்டில் குடுக்கிற வீட்டுல, சோறு இறங்காததுக்குக் காரணமே அந்த நாலு பாட்டில்தான்.