ஆப்பின் படுகொலையும் ஆளுநர் மக்குவாரியும்

1816-இல் சிட்னிக்குத் தெற்கே ஆப்பினில் பழங்குடி மக்கள் கொல்லப்பட்டது குடியேறிகள் தாமாகச் செய்த வேலை, அப்போது பிரிட்டிஷ் குடியேற்றமான நியூ சவுத் வேல்ஸின் ஆளுநராக இருந்த லாக்லன் மக்குவாரிக்கு அதில் பங்கில்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல, நண்பரே. படையை அனுப்பியவரே மக்குவாரிதான்.

1816 ஏப்ரல் 10 தேதியிட்ட அவருடைய சொந்த நாட்குறிப்பே இதற்குச் சான்று. மனமில்லாமல்தான் இந்த முடிவுக்கு வந்ததாக எழுதுகிறார். ஆனால் சரணடைய மறுத்துச் சுட்டுக் கொல்லப்படும் பழங்குடியினரின் உடல்களை, மற்றவர்கள் பார்த்து அஞ்சும்படி மரங்களில் தொங்கவிடச் சொன்னதையும் அதே பக்கத்தில் பதிந்திருக்கிறார். ஏழு நாள் கழித்து, ஏப்ரல் 17 நள்ளிரவுக்குப் பின், அவர் அனுப்பிய படையை நடத்திய கேப்டன் வாலிஸின் வீரர்கள் ஒரு குழந்தையின் அழுகுரலைக் கேட்டு பழங்குடி மக்களின் முகாமைக் கண்டுபிடித்தார்கள். சிலர் சுடப்பட்டார்கள், சிலர் தப்பியோடி பாறை விளிம்பிலிருந்து விழுந்து இறந்தார்கள். வாலிஸ் எண்ணிய உடல்கள் மட்டும் 14. பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. படிக்கவே நெஞ்சு பதறுகிறது.

பிரிட்டனிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்து விடுதலையான கைதிகளுக்கு மக்குவாரி வாழ்வு கொடுத்தது உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஆப்பினுக்குப் படையை அனுப்பியதும் அவரேதான். நாட்குறிப்பை மக்குவாரி பல்கலைக்கழகம் இணையத்தில் எழுத்துப்படியாகவே வைத்திருக்கிறது. அந்தத் தேதியைத் தேடினால் நீங்களே வாசிக்கலாம்.