சிகரெட் பிடிக்கும் எந்திரம்

ஆபத்து குறைந்த சிகரெட்டுக்கு ஆராய்ச்சி நடக்கிறது என்று யாராவது ஒரு செய்தியைப் பகிர்ந்தால் போதும், உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடுகிறது. "விடச் சொல்றதை விட்டுட்டு இதென்ன வெட்டி வேலை" என்பது ஒன்று. "அப்பாடா, ஒரு வழி பிறந்தது" என்பது இன்னொன்று. நான் பல வருடம் இரண்டாவது கட்சியில் இருந்தவன். அதனால் இது கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறை இருமல் மூன்று வாரம் நிற்காமல் போனது. பயந்துபோய் 'லைட்' என்று போட்ட சிகரெட்டுக்கு மாறினேன். தொண்டையில் காரமே இல்லாமல் இறங்கியது. தொண்டைக்கு இதமாக இருந்தால் நுரையீரலுக்கும் இதமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பாதி விட்டுவிட்ட நிம்மதி. தினம் எட்டாக இருந்தது பன்னிரண்டாக ஆனதைக்கூட அந்த நிம்மதியில் கவனிக்கவில்லை.

அந்த 'லைட்' எப்படி லைட் ஆனது என்று பின்னால் படித்தபோதுதான் கோபம் வந்தது. புகையிலை பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஃபில்டரைச் சுற்றியிருக்கும் தாளில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில் வரிசையாகத் துளைகள். இழுக்கும்போது அந்தத் துளைகள் வழியாக வெளிக்காற்று உள்ளே வந்து புகையோடு கலக்கும். நீர்த்த மோர் மாதிரி நீர்த்த புகை. அப்புறம் அதை அளப்பது யார்? ஓர் எந்திரம். அமெரிக்காவில் 1967-லிருந்து கடைப்பிடித்த முறைப்படி அது நிமிடத்துக்கு ஒரு முறை, 2 விநாடி, 35 மில்லி லிட்டர் புகையை இழுக்கும். அதில் சேரும் தாரும் (புகையில் இருக்கும் பிசுபிசுப்பான நச்சுக் கலவை) பழக்கத்துக்கு அடிமையாக்கும் நிக்கோட்டினும்தான் அந்த சிகரெட்டின் அளவு.

எந்திரத்துக்கு விரல் கிடையாது, உதடு கிடையாது. முக்கியமாக, அதற்குத் தவிப்பு கிடையாது. மனிதனுக்கு நிக்கோட்டின் குறைந்தால் உடம்பு கேட்கும். அவன் ஆழமாக இழுப்பான், அடிக்கடி இழுப்பான், ஒன்று கூடுதலாகப் பற்றவைப்பான். தெரியாமலேயே விரலாலும் உதட்டாலும் அந்தத் துளைகளை மூடிக்கொள்வான். எந்திரத்தின் குறிப்பில் தார் குறைவு, மனிதனின் நுரையீரலில் ஏறக்குறைய பழைய அளவு.

இதைச் சொந்தமாகச் சோதித்துப் பார்க்கலாம், நான் பார்த்தேன். பிடித்து முடித்த துண்டின் வாய்ப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். துளைகள் திறந்திருந்தால் ஓரம் வெளுப்பாகவும் நடுவில் மட்டும் வட்டமாகப் பழுப்புக் கறையும் இருக்கும். துளைகள் அடைபட்டிருந்தால் முனை முழுக்க ஒரே சீராகக் கறை படிந்திருக்கும். ஆராய்ச்சியாளர்களே பயன்படுத்திய வழி இது. ஒரு சாயங்காலம் ஆஷ்ட்ரேயைக் கவிழ்த்து என் துண்டுகளை வரிசையாக அடுக்கினேன். பதினொன்றில் ஒன்பது, முனை முழுக்கப் பழுப்பு. இத்தனை வருடமும் நான் பிடித்தது லைட் சிகரெட்டே இல்லை.

கறை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். 1953-ல் ஓர் அமெரிக்க சிகரெட் நிறுவனத்தின் வேதியியலாளர் கிளாட் டீக் ஒரு யோசனை எழுதி வைத்தார். புகை பட்டதும் நிறம் கறுக்கும்படி ஃபில்டரைச் செய்யலாம், வடிகட்டும் திறன் அதனால் கூடப்போவதில்லை, ஆனால் விற்பனைக்கு நல்லது என்று. புகையிலிருந்து தாரை ஃபில்டர் நீக்கி அனுப்புகிறது என்று பிடிப்பவன் கண்ணால் பார்த்து நம்ப வேண்டும், அவ்வளவுதான். அதே காலத்தில்தான் எலிகளின் தோலில் சிகரெட் தாரைத் தடவிப் புற்றுநோய் வரவைத்த ஆய்வு வெளியாகி, புகைப்பவர்கள் கதிகலங்கிப் போயிருந்தார்கள். பயந்தவர்களுக்கென்றே வந்த கென்ட் சிகரெட்டின் ஃபில்டரில் 1952-லிருந்து 1956 வரை என்ன இருந்தது தெரியுமா? நீல ஆஸ்பெஸ்டாஸ். நுரையீரலைக் காப்பாற்ற, நுரையீரலையே கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ்!

எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. 1960-களின் கடைசியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனமே தீங்கு குறைந்த சிகரெட்டுக்காகத் தனிக் குழு அமைத்து சுமார் பத்து வருடம் உழைத்தது. லிகெட் என்ற சிகரெட் நிறுவனத்தில் ஜேம்ஸ் மோல்ட் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் புகையிலையில் பல்லாடியம் என்ற உலோகத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். எலிகளின் தோலில் கட்டிகள் வெகுவாகக் குறைந்தன. அந்த சிகரெட் கடைக்கே வரவில்லை. "இது பாதுகாப்பானது" என்று விற்றால் "அப்போ மற்றதெல்லாம்?" என்று கேள்வி வருமே, வழக்குப் பாயுமே என்று வக்கீல்கள் பயந்ததாக மோல்ட் பின்னால் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 1988-ல் புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் 'பிரீமியர்' என்ற சிகரெட் வந்தது. ருசியும் வாசனையும் சகிக்கவில்லை என்று அடுத்த வருடமே மூட்டை கட்டியது.

இந்த வரலாற்றில் என்னை அதிகமாக உலுக்கியது 2014-ல் வந்த அமெரிக்க சர்ஜன் ஜெனரல் (அந்நாட்டு அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவர்) அறிக்கை. 1950-களிலிருந்து சிகரெட்டின் வடிவமைப்பிலும் சேர்மானத்திலும் நடந்த மாற்றங்களால் அடினோகார்சினோமா என்னும் நுரையீரல் புற்றுநோயின் அபாயம் கூடியிருக்கிறது என்று அது முடிவு சொன்னது. மென்மையான புகையை ஆழமாக இழுத்தது காரணமா, புகையிலையில் நைட்ரோசமின்கள் என்ற புற்றுநோய் ரசாயனங்கள் கூடியது காரணமா, எது எவ்வளவு என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் பாருங்கள், ஐம்பது வருடச் சீர்திருத்தம் ஆளை இன்னும் ஆழமாகக் குழிக்குள் தள்ளியிருக்கிறது.

என் கட்சி என்ன என்று கேட்டால், பிரச்சினை புகையிலையைவிட நெருப்பில்தான் அதிகம். ஓர் இழுப்பின்போது நுனியில் சூடு 900 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. அந்தச் சூட்டில் எந்த இலையைக் கொளுத்தினாலும் கார்பன் மோனாக்சைடும் தாரும் வந்தே தீரும். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் 1976-லேயே சொல்லிவிட்டார்: மனிதர்கள் நிக்கோட்டினுக்காகப் புகைக்கிறார்கள், தாரால் சாகிறார்கள். அதனால் எரிகிற சிகரெட்டைத் திருத்தும் ஆராய்ச்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை. நிக்கோட்டினையும் புகையையும் பிரித்துவைக்கும் ஆராய்ச்சியை வெட்டி வேலை என்று தள்ளவும் மனசில்லை. தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் பட்டையும் நிக்கோட்டின் சூயிங்கமும் அந்த வழியில் வந்தவைதான். எனக்குக் கடைசியில் உதவியதும் பட்டைதான், இரண்டாவது முயற்சியில்.

இன்னொரு வழி நேர் எதிரானது. புகையிலையிலிருந்தே நிக்கோட்டினை எடுத்துவிடுவது. ஒரு கிராமுக்கு 0.7 மில்லி கிராம்தான் உச்சவரம்பு என்று 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு விதியை முன்மொழிந்தது. லைட் சிகரெட்டில் இலைக்குள் நிக்கோட்டின் அப்படியே இருக்கும், காற்றுதான் நீர்க்கவைத்தது. அதனால் இறுக்கி இழுத்தால் கிடைத்தது. இதில் எவ்வளவு இழுத்தாலும் வராது, உள்ளே இருந்தால்தானே! புகை என்னவோ அதே நஞ்சுதான், பிடிப்பவனைப் பிடித்துவைக்கும் கொக்கிதான் கழன்றுவிடும்.

புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் கருவிகளைப் பற்றியும் கேட்பீர்கள். 2020-ல் அதே நிர்வாகம் ஐகாஸ் கருவிக்கு ஓர் அனுமதி கொடுத்தது. முழுக்க மாறினால் தீங்கான ரசாயனங்கள் உடம்புக்குள் போவது குறையும் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றது. நோய் குறையும் என்று சொல்ல அனுமதி கிடைக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை விளம்பரம் உங்களுக்குக் காட்டாது. 'முழுக்க' என்ற சொல்லையும் யாரும் கவனிப்பதில்லை.

என் நண்பன் ஒருவன் போன மாதம் அப்படி ஒரு கருவியைக் காட்டி, "நான் மாறிட்டேன் டா" என்றான். சந்தோஷப்பட்டுவிட்டு, "அப்போ சிகரெட் சுத்தமா நிறுத்திட்டியா?" என்று கேட்டேன்.

"அது காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அவ்வளவுதான்."

141 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான கட்டுரையை அவனிடம் சொன்னேன். தினம் 20 பிடிக்கும் ஆணுக்கு இதய நோய் அபாயம் எவ்வளவு கூடுகிறதோ, தினம் ஒன்றே ஒன்று பிடிப்பவனுக்கே அதில் கிட்டத்தட்டப் பாதி கூடுகிறது. இருபதில் ஒரு பங்கு இல்லை, பாதி.

அவன் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ராத்திரி ஒண்ணை வேணா விட்டுடறேன்" என்றான்.