மூணு கைக்குழந்தைக்கு ஓர் ஆயா: சம்பளத்தை யார் கொடுப்பது?

பட்ஜெட் வாசிக்கும் நாளில் ஒரே செய்தி பல பேரிடமிருந்து எனக்கு வரும். “அக்கா, பிள்ளை பார்க்கிற காசுக்கு வரிச் சலுகையாம், பார்த்தீங்களா?” பார்த்தேன். பதிவு பெற்ற காப்பகத்துக்கோ பாலர் பள்ளிக்கோ கட்டும் பணத்தில் ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நல்லதுதான், வரி கட்டுகிறவர்களுக்கு.

நான் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். வீடு பீடோங்கில். என் லைனில் நிற்கும் பெண்களில் பலர் சுற்று வட்டார ரப்பர் தோட்டங்களில் பிறந்து, தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டதும் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிக்கு வந்தவர்கள். அவர்களில் ஒரு பெண்ணின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் அதுதான். ஆண்டுக்கு 20,400. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 2,244 போகும். தனிநபர் கழிவு 9,000. மிச்சம் 9,156. அதில் முதல் 5,000-க்கு வரி இல்லை, அதற்கு மேல் 1 விழுக்காடு. மொத்த வரி 41 ரிங்கிட் சொச்சம். குறைந்த வருமானக்காரர்களுக்கான 400 ரிங்கிட் தள்ளுபடி அதையும் துடைத்துவிடும். ஆக, பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தில் போய் எந்தச் சலுகையைக் கழிப்பது?

அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் மேனேஜர் 25 விழுக்காடு வரி கட்டுபவராக இருந்தால், இதே சலுகையில் அவருக்கு 750 ரிங்கிட் மிச்சமாகும். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தீபாவளிக்கு முறுக்கு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மனிதர். ஆனால் பிள்ளை வளர்ப்புக்கு என்று அரசாங்கம் விட்டுக்கொடுக்கும் பணம் அவர் வீட்டுக்குப் போகிறது, அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஒரு சல்லிக்காசு போகவில்லை. இது யாரும் திட்டமிட்டுச் செய்த அநியாயம் என்று சொல்ல மாட்டேன். திட்டம் போட்டவர்கள் கண்ணில் இந்தப் பெண் படவே இல்லை, அவ்வளவுதான்.

சரி, அவள் பிள்ளை எங்கே இருக்கிறது? ஆயா வீட்டில். எங்கள் வட்டாரத்தில் பெரும்பாலான பிள்ளைகள் அங்கேதான். ஷிப்ட் காலை ஏழுக்கு ஆரம்பம், தொழிற்சாலை பஸ் ஆறு மணிக்கே முச்சந்திக்கு வந்துவிடும். அதற்கும் முன்னால், இருட்டோடு இருட்டாகப் பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் ஆயாவிடம் கொடுக்க வேண்டும். ஒற்றை மாடி டெரஸ் வீடு. முன்னறையில் சோபா இருந்த இடத்தில் இரண்டு ஸ்பிரிங் தொட்டில்கள். பால் போத்தல் மூடிகளில் நகப்பூச்சால் புள்ளி வைத்திருப்பார்: சிவப்பு ஒரு பிள்ளைக்கு, ஊதா இன்னொரு பிள்ளைக்கு. மாறிப்போகக் கூடாது, ஒரு பிள்ளைக்குச் சோயா பால் மாவு. சுவரில் கோயில் காலண்டர். தேதிக்குக் கீழே யாருக்கு எத்தனை மணிக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்தார் என்று பென்சிலில் எழுதியிருப்பார். இதையெல்லாம் அவருக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. கெட்டிக்காரர்.

ஆனால் சட்டப்படி பார்த்தால் அவர் குற்றவாளி. 1984-ஆம் ஆண்டின் குழந்தை பராமரிப்பு மையச் சட்டம், 308-ஆவது சட்டம், தெளிவாகச் சொல்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் நாலு பேரோ அதற்கு மேலோ இருந்து, பணம் வாங்கிக்கொண்டு பார்த்தால் சமூக நலத் துறையிடம் பதிய வேண்டும். பத்துக்குக் குறைந்த பிள்ளைகள் என்றால் வீட்டிலேயே நடத்தலாம். அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பதியாமல் நடத்தினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. பதிய வேண்டும் என்றால் இடத்துக்கு அனுமதி, தீயணைப்புச் சோதனை, சுகாதாரச் சோதனை, பராமரிப்பாளருக்கு அடிப்படைப் பயிற்சி. எல்லா விண்ணப்பப் பாரங்களும் மலாயில். நம் ஆயா மலாய் நன்றாகப் பேசுவார், எழுத வராது.

“பதிஞ்சிடுங்கக்கா, நான் கூட வர்றேன்” என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பிள்ளைக்குப் பெம்பர்ஸ் மாற்றிக்கொண்டே கேட்டார்: “சரிம்மா, பதியிறேன். அப்புறம் சட்டப்படி இத்தனை புள்ளதான் வெச்சுக்கலாம்னு சொல்லுவாங்க. மிச்சப் புள்ளைய யாரு வீட்டுல விடுறது, உன் வீட்டுலயா?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கொள்கை வகுப்பவர்களிடம் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைகள் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர். மூன்றிலிருந்து நான்கு வயதுக்குப் பத்துப் பேருக்கு ஒருவர். நல்ல விதி. கைக்குழந்தையைத் தூக்கி வளர்த்தவர்கள் யாரும் மூன்றுக்கு மேல் ஒருத்தர் சமாளிக்க முடியும் என்று சொல்ல மாட்டார்கள். பால் புரையேறினால் சில நிமிடங்கள்தான் கையில் இருக்கும், அந்த நேரத்தில் ஆயா நாலாவது பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

அந்த விதியோடு சம்பளத்தை வைத்துப் பாருங்கள். எங்கள் தாமானில் கைக்குழந்தைக்கு மாதம் 300 ரிங்கிட் வாங்குகிறார்கள். மூன்று குழந்தை, 900 ரிங்கிட். விதியை அப்படியே கடைப்பிடிக்கும் ஆயாவுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதிக்குச் சற்று மேலேதான் கிடைக்கும். அதிலிருந்து வாடகை, தண்ணீர், கரண்டு. அவருக்கும் 1,700 கிடைக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு தாயும் 567 ரிங்கிட் கொடுக்க வேண்டும். தாய் வாங்குவதே 1,700. மூன்றில் ஒரு பங்கு ஒரு பிள்ளைக்கே போய்விட்டால், இரண்டாவது பிள்ளை பிறந்ததும் அவள் வேலையை விட்டுவிடுவாள். விட்டுவிடவும் செய்கிறார்கள். என் லைனில் நல்ல கைத்திறன் உள்ள பெண்கள் அப்படித்தான் நின்றுபோனார்கள். நாட்டில் வேலைக்குப் போகும் பெண்கள் சுமார் 56 விழுக்காடு, ஆண்கள் 80 விழுக்காட்டுக்கும் மேல். இந்த இடைவெளியைப் பற்றி மாநாடு போட்டுப் பேசுகிறவர்கள் ஒரு தடவை ஆயா வீட்டு வாசலில் காலை ஐந்தரை மணிக்கு வந்து நின்றால் போதும்.

விதியை மட்டும் போட்டுப் பணத்தைப் போடாவிட்டால், அந்த விதி ஏட்டுச் சுரைக்காய். பிள்ளையின் பாதுகாப்பா, ஆயாவின் சாப்பாடா, தாயின் வேலையா என்று ஏழைப் பெண்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ள விட்டுவிட்டு, அரசாங்கம் சோதனைக்கு மட்டும் வருகிறது.

இந்த இடத்தில் நம் ஆட்கள் சிலர் வேறு மாதிரி வருவார்கள். “நாங்கள் எல்லாம் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர்கள்தானே, எந்தச் சட்டம் இருந்தது?” இருந்தது ஐயா. ஆயாக் கொட்டகை தோட்டத்துத் துரை மனமிரங்கிக் கட்டியது இல்லை. விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஆணும் பெண்ணும் சேர்ந்து வர வேண்டும், ரப்பர் பால் வெயிலுக்கு முன் வெட்டியாக வேண்டும். பிள்ளையைக் கொட்டகையில் விட்டால்தான் தாய் காட்டுக்கு வருவாள். அதனால்தான் கட்டினார்கள். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், 446-ஆவது சட்டம், இன்னமும் தன் நோக்கத்தில் தொழிலாளர் வீடு, பிள்ளைக் காப்பகம், பயிரிடவும் மாடு மேய்க்கவும் நிலம் என்று வரிசையாகச் சொல்கிறது. ஆயாவின் சம்பளம் தோட்டத்துக் கணக்கில் போனது, தாய் கையிலிருந்து போகவில்லை. கொட்டகையில் எல்லாம் சொர்க்கமாக இருந்தது என்றும் கதை விட வேண்டாம். சிமெண்டுத் தரையில் வரிசையாகத் தொங்கிய சாரத் தொட்டில்களையும், மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த பிள்ளைகளையும் என் அம்மா தலைமுறை நன்றாகவே ஞாபகம் வைத்திருக்கிறது. ஆனால் பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் இருக்கவில்லை.

தோட்டம் கைமாறியது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தை இடித்தார்கள். ஆட்களோடு வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி பற்றி எல்லாம் பேச்சு நடந்தது. கோயிலுக்கு நிலம் கேட்டுப் போராடினோம், பள்ளிக்கூடத்தைத் தாமானுக்கு மாற்றினோம். ஆயாக் கொட்டகையைப் பற்றி யாராவது ஒரு மனு எழுதினார்களா? நான் கேள்விப்பட்டதில்லை. அது பெண்கள் பாடு என்று விட்டுவிட்டார்கள். தலைவர்கள் எல்லாம் ஆண்கள் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

இருக்கிற உதவிகளையும் மறைக்க மாட்டேன். வருமான வரம்புக்குள் வரும் அரசாங்க ஊழியர்களுக்குப் பிள்ளைக் காப்பகக் கட்டணத்துக்கு மாதம் 180 ரிங்கிட் உதவி உண்டு. சமூக நலத் துறையின் குழந்தைகள் உதவித்தொகை, ஆறு வயது வரை பிள்ளைக்கு 250 ரிங்கிட்; ஆனால் அது வறுமைக் கோட்டை வைத்துக் கொடுப்பது. 2022 கணக்கில் கோடு 2,589 ரிங்கிட். கணவனும் மனைவியும் குறைந்தபட்சச் சம்பளத்தில் நின்றாலே 3,400 ஆகிவிடும். வேலைக்குப் போனதே தகுதிக் குறைவாகிவிட்டது! இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவின் பாலர் பள்ளி உதவி பாலர் பள்ளி வயதுக்குத்தான். கெமாஸ் எனும் அரசாங்கச் சமூக மேம்பாட்டுத் துறையின் பாலர் வகுப்புகளும் தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்புகளும் மதியத்தோடு முடிந்துவிடும். தாய் வீட்டுக்கு வருவது இரவு ஏழரைக்கு. நடுவில் இருக்கும் நேரத்துக்குத் திரும்பவும் அதே ஆயாதான்.

நேரம் என்றதும் இன்னொன்று. கெடாவில் வெள்ளியும் சனியும் வாரவிடுமுறை. பதிவு பெற்ற காப்பகங்கள் பெரும்பாலும் அலுவலக நேரத்தைத்தான் பின்பற்றும், சாயங்காலம் ஆறுக்கு மேல் பிள்ளையை வைத்திருந்தால் அதற்கும் தனிக் காசு. தொழிற்சாலை மெஷினுக்கு வெள்ளிக்கிழமை தெரியாது. நைட் ஷிப்டுக்கு எந்தப் பதிவு பெற்ற காப்பகம் திறந்திருக்கிறது? ஆயா மட்டும்தான் பாயை விரித்துப் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார்.

இதற்காகப் பதிவே வேண்டாம் என்று சொல்கிறேன் என நினைத்துவிடாதீர்கள். 2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் காப்பு இல்லங்களிலிருந்து போலீஸ் 402 பிள்ளைகளை மீட்டதை மறந்திருக்க மாட்டோம். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளை வைத்திருக்கும் எந்த இடத்திலும் ஒரு அதிகாரி வந்து தட்டத்தான் வேண்டும். கைதேர்ந்த ஆயா இருக்கும் அதே தெருவில், பிள்ளைக்குக் கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நானே பார்த்திருக்கிறேன். பிள்ளையைத் தக்க கண்காணிப்பு இல்லாமல் விடுவதைக் குற்றம் என்கிறது 2001-ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், பிரிவு 33. அது அப்படியே இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் அரசாங்கத்தின் தாலியான் காசே (Talian Kasih) உதவி எண் 15999-க்கு அழையுங்கள், யோசிக்க வேண்டாம்.

நான் கேட்பது சின்ன விஷயம்தான், செலவுதான் பெரிது. வரிச் சலுகை தருவதுபோலவே, வரி வரம்புக்குள் வராத தாய்க்குப் பிள்ளைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் ரொக்கமாகக் கொடுங்கள். அதை வீட்டில் நடத்தும் பதிவு பெற்ற ஆயாவுக்கே நேராகக் கட்டும்படி செய்யுங்கள். அப்போது பதிவு ஆயாவுக்குத் தண்டனையாக இருக்காது, வருமானமாக இருக்கும். விண்ணப்பப் பாரத்தோடு தாமானுக்கே வாருங்கள், தமிழ் தெரிந்த ஒருவரையும் அழைத்து வாருங்கள். பயிற்சி நாளில் ஆயாவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மாற்று ஆள் அனுப்புங்கள். இல்லாவிட்டால் அவர் எப்படி வருவார்? தன் ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்தும் முதலாளி அந்தச் செலவை இரட்டிப்பாக வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று சலுகை இருக்கிறது. இத்தனை தொழிற்சாலை இருக்கும் ஊரில் எத்தனை முதலாளிகள் அதைத் தொட்டிருக்கிறார்கள் என்று மனிதவள அமைச்சு ஒரு தடவை வெளியிடட்டுமே.

தொகுதிச் சேவை மையத்துக்கு எழுதுவதாக இருக்கிறேன். அதற்கு ஊர்க் கணக்கு வேண்டும். உங்கள் ஊரில் கைக்குழந்தைக்கு மாதம் எவ்வளவு வாங்குகிறார்கள், நைட் ஷிப்ட் என்றால் எவ்வளவு, ஒரு ஆயாவிடம் எத்தனை பிள்ளைகள், இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். ஆயாவின் பெயரும் தாமான் பெயரும் வேண்டாம். போட்டோவும் போடாதீர்கள், அபராதம் அவருக்குத்தான் வரும்.